உஷார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசூரில் இருபது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்தேன். எங்கள் தெருவில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது நான்கும் ஒரே நேரத்தில் கேட்கும். வீட்டுக்கு வீடு அர்த்தம் மாறும் சொற்கள் சில உண்டு. அவற்றில் 'உஷார்' பற்றித்தான் என்னிடம் அதிகம் பேர் கேட்டிருக்கிறார்கள்: மாணவர்கள், அவர்களுடைய பெற்றோர், அக்கம்பக்கத்தார், இப்போது பத்திரிகையில் மெய்ப்புப் பார்க்கும் பழைய மாணவி ஒருத்தி. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன்.

டீச்சர், உஷாரா இருன்னா பயந்துக்கிட்டே இருக்கறதா?

இல்லை. பயந்தவனுக்குப் பாதி விஷயம் கண்ணில் படாது. உஷாராக இருப்பவனுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகவே படும். புலன்கள் எல்லாம் விழித்து, எது நடந்தாலும் அந்தக் கணமே எழுந்து செயல்படத் தயாராக இருக்கும் நிலைதான் உஷார்.

எங்கள் பக்கத்திலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதியில் ராகி முற்றும் காலத்தில் காட்டிலிருந்து யானைகள் இறங்கும். விவசாயிகள் பரண் கட்டி இரவெல்லாம் காவல் இருப்பார்கள். பரணில் இருப்பவர் சும்மா பேசிக்கொண்டிருப்பார், பீடி பிடிப்பார். தூரத்தில் ஒரு கிளை முறியும் சத்தம் கேட்டால் பேச்சு நின்றுவிடும். உடம்பு நிமிரும், காது அந்தப் பக்கம் திரும்பும். "உஷாரு!" என்று பக்கத்துப் பரணுக்குக் குரல் போகும். அந்தக் குரலில் இருப்பது பயமில்லை, 'முழுசா முழிச்சுக்கோ' என்ற அழைப்பு.

இது தமிழ்ச் சொல்லா, உருதுச் சொல்லா?

பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்தது. மூலம் 'ஹோஷ்யார்'. 'ஹோஷ்' என்றால் உணர்வு, நினைவு, அறிவு. ஹோஷ் உள்ளவர் ஹோஷ்யார். இந்தியில் மயங்கிக் கிடப்பவரை 'பேஹோஷ்' என்கிறார்களே, அது இதே ஹோஷ் இல்லாத நிலை. பாரசீகக் கவிதைகளில் மது அருந்தி மயங்கியவனுக்கு எதிர்ப்பதமாகத் தெளிந்தவனை ஹோஷ்யார் என்பார்கள். இன்றைய ஈரானில் செயற்கை நுண்ணறிவுக்குப் பெயர் 'ஹூஷே மஸ்னூயீ'. அந்த ஹூஷும் நம் உஷாரில் ஒளிந்திருக்கும் ஹோஷும் ஒன்றே.

ஆற்காட்டு நவாபுகளின் நிர்வாகம், தஞ்சையில் மராட்டியர் ஆட்சி, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளம் எனப் பல வழிகளில் இத்தகைய சொற்கள் தமிழுக்குள் வந்தன. தாலுகா, வசூல், பாக்கி, ஜாமீன், வக்கீல், சிப்பாய், தயார் எல்லாம் அந்தக் கூட்டம்தான். கச்சேரி எனப்பட்ட அரசு அலுவலகமும் காவலும் பட்டாளமும் புழங்கிய மொழியிலிருந்து வந்ததால், உஷாரிலும் காவல்காரனின் வாடை இன்னும் இருக்கிறது.

'ஹோஷ்யார்' எப்படி 'உஷார்' ஆச்சு? 'ஹ' எங்க போச்சு?

சொல்லின் தொடக்கத்தில் வரும் ஹகரத்தை நாம் விட்டுவிடுவது பழைய வழக்கம். ஹனுமான் அனுமன் ஆனார், ஹிமாலயம் இமாலயம் ஆயிற்று, ஹவில்தாரை ஊரில் அவில்தார் என்றார்கள். அப்படியே ஹோஷ்யாரில் ஹ உதிர்ந்தது, ஓகாரம் குறுகி உகரமானது, நடுவில் இருந்த யகரம் கரைந்தது. கன்னடமும் தெலுங்கும் ஹகரத்தை வைத்துக்கொண்டு ஹுஷாரு என்கின்றன. மலையாளம் நம்மைப் போலவே உஷார் என்கிறது.

'உசாவு'ன்னு தமிழ்ல சொல் இருக்கே, அதுல இருந்து வந்திருக்கலாமே? விசாரிச்சுப் பார்க்கிறவன்தானே உஷாரா இருப்பான்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் பையனுக்காக வந்த ஓர் அப்பா. யோசனை அழகாக இருந்தது. ஆனால் அப்படி இல்லை. உசாவுதல் என்றால் கேட்டறிதல், கலந்து ஆராய்தல். 'உசாத்துணை' என்ற சொல் அதிலிருந்து வந்தது. அது தூய தமிழ் வேர். உஷாரோ அண்டை மொழிகள் எல்லாவற்றிலும் ஹகரத்தோடோ இல்லாமலோ ஒரே அச்சில் கிடைக்கிறது. உசாவு அங்கெல்லாம் போய் ஹகரம் ஒட்டிக்கொண்டு திரும்ப வழியில்லை.

விடியலைக் குறிக்கும் 'உஷஸ்', அதிலிருந்து வரும் 'உஷா' என்ற பெயர், இவற்றுக்கும் தொடர்பில்லை. ஓசை ஒத்துப்போவதை வைத்து வேர் சொல்வதில் நிறையப் பேர் வழுக்கிவிடுகிறார்கள். ஒரு சொல் நடந்து வந்த பாதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எழுதும்போது உஷாரா, உசாரா, உஷாருவா?

தமிழ்நாட்டு அச்சில் உஷார் நிலைத்துவிட்டது. கிரந்த எழுத்து வேண்டாம் என்பவர்கள் உசார் என்று எழுதலாம். வேற்றுமொழிச் சொல்லைத் தமிழ் எழுத்துக்குள் கொண்டுவந்து எழுதச் சொல்லும் மரபு தொல்காப்பியம் தொட்டு இருக்கிறது. இலங்கைத் தமிழர்களும் பெரும்பாலும் உசார் என்றே எழுதுகிறார்கள். உஷாரு என்பது பேச்சு, கதையில் உரையாடலுக்குள் வரலாம். ஒரே கட்டுரையில் இரண்டு வடிவத்தையும் கலக்காதீர்கள், அவ்வளவுதான்.

கவனம், ஜாக்கிரதை, எச்சரிக்கை, உஷார் நாலும் ஒண்ணுதானே? ஏன் நாலு சொல்?

பல இடங்களில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போடலாம். எல்லா இடத்திலும் முடியாது. 'பாடத்தைக் கவனமாகப் படி' என்கிறோம், 'உஷாராகப் படி' என்பதில்லை. 'கண்ணாடிப் பாத்திரம், ஜாக்கிரதை' என்கிறோம், அங்கே உஷார் பொருந்தாது. கவனம் மனத்தை ஒன்றில் நிறுத்துவது, அதற்கு ஆபத்தே தேவையில்லை. ஜாக்கிரதையில் ஏதோ ஒன்று உடைந்துவிடும், தொலைந்துவிடும் என்ற பொறுப்பு இருக்கிறது. எச்சரிக்கை பெரும்பாலும் ஒருவர் இன்னொருவருக்குக் கொடுப்பது. அதைப் பெற்றவர் போய்ச் சேரும் நிலைதான் உஷார். 'எச்சரிக்கை விடுத்தார்கள், ஊர் உஷாரானது' என்று ஒரே வாக்கியத்தில் இரண்டையும் வைத்துப் பாருங்கள், வேறுபாடு புரிந்துவிடும். இடம் மாற்றினால் வாக்கியம் விழுந்துவிடும்.

என்னை மிகவும் கவர்ந்தது இன்னொன்று. இந்தச் சொற்கள் எல்லாம் வேறு வேறு பாதையில் வந்தும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. ஜாக்கிரதை சமஸ்கிருதத்தில் விழித்திருத்தலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. எச்சரிக்கைக்கு உறவான கன்னடச் சொல் 'எச்சர', தூக்கம் கலைந்தாலும் அவர்களுக்கு அதுதான் எச்சர. நம் விழிப்பில் விழியே இருக்கிறது. உஷாரில் இருப்பது உணர்வு, அதாவது மயங்காமை. எந்த மொழிக்காரரும் ஆபத்தைப் பெயராக வைக்கவில்லை. தூங்காமல் இருப்பதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அரண்மனைக் கதைகள்ல ராஜா வரும்போது 'ஹோஷியார்'னு கத்துவாங்களே, அது இதுதானா?

இதேதான். வட இந்திய அரசவைகளில் கட்டியம் கூறுபவர் 'பா அதப், பா முலாஹிஜா, ஹோஷியார்' என்று முழங்குவார். மரியாதையோடும் பணிவோடும் இருங்கள், உஷாராக நில்லுங்கள் என்று பொருள். தமிழ், தெலுங்கு நாடுகளின் அரசவையிலும் கோயில் உலாவிலும் அதே இடத்தில் ஒலித்த சொல் 'எச்சரிக்கை'. அதையொட்டி எச்சரிக்கை என்ற பெயரிலேயே ஒரு பாடல் வகையும் நம் இசை நாடக மரபில் உண்டு. அங்கே எச்சரிக்கை என்பது மிரட்டல் கிடையாது, 'பார்த்து வாருங்கள் சுவாமி' என்று கையைப் பிடித்து அழைத்து வரும் அன்பு.

காவலில் இதன் இன்னொரு வடிவம் 'பாரா உஷார்'. பாரா என்றால் முறைக் காவல். இரவில் ஒரு காவலாளி குரல் கொடுக்க, அடுத்த முனையில் இருப்பவர் பதில் குரல் கொடுப்பார். தான் தூங்கவில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதுதான் அது. முன்பு சொன்ன பரண்காரர்கள் செய்வதும் இதுவே.

எங்க மாமியார் 'நீ ரொம்ப உஷாருடி'ன்னாங்க. பாராட்டா, திட்டா?

தமிழ்நாட்டில் குரலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். 'உஷாரா இரு' என்றால் அறிவுரை. 'பையன் உஷாரானவன்' என்றால் பாராட்டு: ஏமாறமாட்டான், சூட்டிகையானவன். 'ரொம்ப உஷாரு' என்று 'ரொம்ப' சேர்ந்து, இழுத்துச் சொன்னால் தன் காரியத்தில் கண்ணாக இருப்பவள் என்ற குத்தல் வந்துவிடுகிறது. கெட்டிக்காரத்தனத்துக்கு நாம் வைத்திருக்கும் பல சொற்களுக்கும் இந்த இரண்டு முகம் உண்டு. சாமர்த்தியத்தையும் விவரத்தையும் எடுத்துப் பாருங்கள்.

என் வழக்கம் இது: பெரியவர்களிடம் 'உஷாரா இருங்க' என்று தாராளமாகச் சொல்வேன். 'நீங்க உஷாரான ஆளு' என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லமாட்டேன்.

பக்கத்து வீட்டு கன்னடக்கார அக்கா 'ஹுஷாரில்லா'ன்னு படுத்திருக்காங்க. உஷார் இல்லாம ஏமாந்துட்டாங்களான்னு கேட்டுட்டேன், சிரிக்கிறாங்க. ஏன்?

எங்கள் ஊரில் அடிக்கடி நடப்பதுதான். கன்னடத்தில் ஹுஷாரு என்றால் உடல்நலம். 'ஹுஷாராகித்தீரா?' என்றால் நலமாக இருக்கிறீர்களா என்று விசாரிப்பு. 'ஹுஷாரில்ல' என்றால் உடம்பு சரியில்லை. அங்கேயே 'ஹுஷாரு!' என்று தனியாகச் சொன்னால் பார்த்து, ஜாக்கிரதை என்ற பொருளும் வரும்.

மற்ற மொழிகளிலும் இதைப் பார்க்கலாம். தெலுங்கில் ஹுஷாருகா என்றால் உற்சாகமாக, துள்ளலோடு. மலையாளத்தில் 'உஷார்' என்று ஒருவர் சொன்னால் பிரமாதம் என்கிறார், ஓடி ஒளிய வேண்டாம். மராட்டியில் ஹுஷார் புத்திசாலி, வகுப்பில் முதல் மாணவியை அங்கே தயங்காமல் ஹுஷார் என்பார்கள். யாழ்ப்பாணத் தமிழர் பேச்சில் 'ஆள் நல்ல உசார்' என்றால் சுறுசுறுப்பானவர், தெம்பாக இருப்பவர்.

ஏன் இத்தனை? மேலே வேர் பற்றிச் சொன்ன ஹோஷை நினைத்துக்கொள்ளுங்கள். உணர்வு முழுசாக இருப்பவன் விழிப்பாக இருப்பான், புத்தி வேலை செய்யும், உடம்பு நன்றாக இருக்கும், மனம் உற்சாகமாக இருக்கும். ஒவ்வொரு மொழியும் அதில் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டது. நாம் எடுத்துக்கொண்டது காவல் பக்கம். அக்காவுக்கு ஒரு டம்ளர் கஞ்சி கொண்டுபோய்க் கொடுங்கள்.

பசங்க 'உஷார் பண்ணிட்டான்'னு சொல்றது என்ன?

பழைய பொருள் நேரானது: 'போலீஸை உஷார் பண்ணிட்டான்' என்றால் தகவல் சொல்லி விழிக்கவைத்தான். இளைஞர் பேச்சில் இது வேறு பக்கம் போய்விட்டது. 'என் பேனாவை உஷார் பண்ணிட்டான்' என்றால் அசந்த நேரத்தில் எடுத்துக்கொண்டான். ஒரு பெண்ணைக் குறித்துச் சொன்னால் அவள் மனத்தைப் பிடித்துவிட்டான் என்று அர்த்தம்.

பேனா வரைக்கும் எனக்கு ஆட்சேபம் இல்லை. பெண்ணைக் குறித்துச் சொல்வதை வகுப்பில் கேட்டால் நிறுத்திப் பேசியிருக்கிறேன். பேனாவுக்கும் பெண்ணுக்கும் ஒரே வினைச்சொல் என்றால், அவளையும் அசந்த நேரத்தில் எடுத்துக்கொள்ளும் பொருளாகத்தானே அந்தச் சொல் பார்க்கிறது? 'அவளுக்கும் என்னைப் பிடித்திருக்கிறது' என்று சொல்லத் தமிழில் வழி இருக்கிறது.

'ரெட் அலர்ட்', 'உஷார் நிலை', 'எச்சரிக்கை' எல்லாம் ஒண்ணா போடறாங்களே, எது சரி, டீச்சர்?

இது மெய்ப்புப் பார்க்கும் மாணவி கேட்டது. வானிலைத் துறையின் நிறங்களுக்குத் தனித்தனிப் பொருள் உண்டு. மஞ்சள் என்றால் தகவலைக் கவனித்துக்கொண்டிருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள். சிவப்பு என்றால் செயலில் இறங்குங்கள். மழை அளவுக்கும் கணக்கு இருக்கிறது: 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் தொட்டால் கனமழை, 115.6 தொட்டால் மிகக் கனமழை, 204.4 தாண்டினால் அதி கனமழை.

இப்படிப் பார்த்தால் உஷார் என்ற சொல்லுக்கு உரிய இடம் ஆரஞ்சு. தயார் நிலை அதுதான். சிவப்பு வந்தபின் உஷாராக உட்கார்ந்திருக்க நேரமில்லை, கிளம்ப வேண்டும். ஆனால் எல்லா நிறத்துக்கும் அலர்ட் என்று ஒட்டி, தமிழிலும் எச்சரிக்கை என்ற ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறோம். ஐதராபாத்தில் 2007 முதல் இயங்கும் சுனாமி முன்னெச்சரிக்கை மையமும் வார்னிங், அலர்ட், வாட்ச் என்று மூன்று படி வைத்திருக்கிறது. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு கடலோரத்தில் இந்த வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது. எச்சரிக்கை, உஷார் நிலை, கண்காணிப்பு என்று மூன்றையும் பிரித்து எழுதச் சொன்னேன். 'வெளியேறுங்கள்', 'கரையை விட்டு விலகுங்கள்' என்று செய்ய வேண்டியதையும் பக்கத்திலேயே எழுதிவிட்டால் இன்னும் நல்லது.

'பொதுமக்களே உஷார்!'னு தினம் ஒரு தலைப்பு வருது. இப்ப யாரும் திரும்பிக்கூடப் பார்க்கறதில்லையே?

உண்மை. பரணில் இருப்பவர் காற்றுக்கெல்லாம் கத்தினால் நாலாம் நாள் யாரும் எழமாட்டார்கள். தலைப்பு எழுதுபவர்கள் எதற்கு உஷார், யார் உஷார் என்பதைச் சேர்த்து எழுத வேண்டும். 'வங்கி அதிகாரி என்று பேசி ஓடிபி கேட்பார்கள், கொடுக்காதீர்கள், பணம் போனால் உடனே 1930 எண்ணில் சொல்லுங்கள்' என்பதில் உஷார் என்ற சொல்லே இல்லை. ஆனால் படிப்பவர் உஷாராகிவிடுவார்.

தேர்வுல உஷார்னு எழுதினா மார்க் போகுமா? நல்ல தமிழ்ல என்ன எழுதறது?

கட்டுரையில் விழிப்பு, விழிப்புணர்வு, முன்னெச்சரிக்கை என்று இடத்துக்கு ஏற்ப எழுதுங்கள். கதையிலோ உரையாடலிலோ ஒரு காவல்காரர் 'விழிப்புடன் இருப்பீர்களாக' என்று கத்தினால் யானை ஊருக்குள் வந்துவிடும். அங்கே உஷார்தான்.

பழைய தமிழில் இதற்குச் சொல் இல்லையோ என்று கவலைப்படாதீர்கள். திருக்குறளில் ஓர் அதிகாரமே இருக்கிறது, 54ஆவது: பொச்சாவாமை. பொச்சாப்பு என்றால் மகிழ்ச்சி மிகுதியில் கடமையை மறத்தல். அது இல்லாமல் இருப்பது பொச்சாவாமை. நன்றாக இருக்கும் நேரத்தில்தான் அசந்துவிடுவோம் என்பதை வள்ளுவர் பிடித்திருக்கிறார். எதிர்மறையிலிருந்து இந்தப் பொருளைக் கட்டிய சொல் இது. 383ஆம் குறளில் ஆள்பவருக்கு வேண்டிய மூன்றில் முதலாவதாக 'தூங்காமை'யைச் சொல்கிறார். அது வெறும் தூக்கமின்மை இல்லை, காலம் தாழ்த்தாத சுறுசுறுப்பு.

என்சிசி-ல 'சாவ்தான்'னா விறைப்பா நிக்கணும். எங்க பாட்டி 'சாவதானமா வா'ன்னா மெதுவா வரணும். ரெண்டும் ஒரே சொல்லா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஒரே சொல்தான். 'அவதானம்' என்றால் கவனம், எட்டு விஷயத்தை ஒரே நேரத்தில் கவனிப்பவர் அட்டாவதானி. இலங்கையில் இன்றும் 'அவதானமாகச் செல்லுங்கள்' என்பது அன்றாடப் பேச்சு. அவதானத்தோடு இருப்பது சாவதானம். இந்தியில் அது கவனமாகவே நின்றுவிட்டது, அணிவகுப்பில் கட்டளையாகவும் ஆயிற்று.

தமிழில் கவனமாகச் செய்பவர் பதறாமல் செய்வார், பதறாதவர் நிதானமாகச் செய்வார், நிதானமானவர் அவசரப்படமாட்டார் என்று பொருள் படிப்படியாக நகர்ந்திருக்க வேண்டும். கடைசியில் 'சாவதானமாக வந்தான்' என்றால் ஆடி அசைந்து வந்தான் என்று ஆகிவிட்டது. உஷார் ஒவ்வொரு மொழியிலும் ஒரு பக்கம் சாய்ந்ததைப் போலத்தான் இதுவும். பாட்டி சொன்னால் மெதுவாகவே போ.

எம் பையன் எப்பவும் உஷாரா இருக்கான், சின்னச் சத்தம் கேட்டாலும் துள்ளி எழறான். நல்லதுதானே?

ஒரு தாய் பெருமையாகக் கேட்டார். இதற்கு உஷார் என்ற பெயர் பொருந்தாது என்று நினைக்கிறேன். உஷாருக்கு ஒரு காரணமும் ஒரு முடிவும் உண்டு. கிளை முறிந்தால் வருகிறது, யானை போனால் போகிறது. காரணமே இல்லாமல் இரவும் பகலும் நிற்காமல் இருப்பது பதற்றம். தூக்கம் கெடும், படிப்பில் மனம் நிற்காது. பையனிடம் உட்கார்ந்து பேசுங்கள், தேவைப்பட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள் என்று சொன்னேன். 'அவன் உஷாரு' என்ற பட்டத்தால் அதை மூடிவிடக் கூடாது.

உஷார் முடிஞ்சதுக்கு என்ன சொல்றது? உஷார் இறங்கிச்சுன்னு எழுதலாமா?

இதுவும் அதே மாணவி. உஷார் ஏறுவதும் இறங்குவதும் தமிழில் இல்லை. 'உஷார் நிலை விலக்கிக்கொள்ளப்பட்டது' என்பதுதான் செய்தி வழக்கு. துறைமுகத்தில் மட்டும் ஏற்றி இறக்குகிறோம். புயல் நேரத்தில் 1 முதல் 11 வரை எண் சொல்லிக் கூண்டு ஏற்றுவார்கள். 1, 2 என்றால் புயல் தூரத்தில் இருக்கிறது, 8 முதல் 10 வரை பெரும் அபாயம், 11 வந்தால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். ஆபத்து நீங்கியதும் 'கூண்டு இறக்கப்பட்டது' என்று எழுதலாம். துறைமுகச் செய்திக்கு அதையே போடச் சொன்னேன். மற்ற ஊர்களுக்கு 'விலக்கிக்கொள்ளப்பட்டது' போதும்.